உம் கொட்டச் சொன்ன சிஸ்டர்

ஊசி போட்ட கையோடு நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற நர்ஸை நான் அதுவரை பார்த்ததில்லை. எண்பத்தொன்பதில் திருவண்ணாமலையில் ஒரு முப்பது கட்டில் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே எனக்கு அந்த நர்ஸ்மேல் எரிச்சல் வந்துவிட்டது. வார்டில் இருபது பேருக்கு ஊசி என்றால் பத்துப் பேர் எனக்கு, பத்துப் பேர் அவருக்கு. நான் பத்தையும் முடித்து, ஊசிகளைக் கொதிக்கப் போட்டு, கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், அவர் மூன்றாவது கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அப்புறம்? கத்திரிக்காய்ல கருவாடு போட்டீங்களா, போடலையா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மீதி ஏழு பேருக்கு யார் போடுவது? கருவாடா வந்து போடும்?

நோயாளிகள் அவருக்குப் பேச்சு சிஸ்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். எனக்கும் ஒரு பேர் உண்டு, கடுகு சிஸ்டர். எப்போதும் பொரிந்துகொண்டே இருக்கிறேனாம். அந்தப் பேரை வைத்தவன் யாரென்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவனுக்கு ஊசியைக் கொஞ்சம் அழுத்தமாகவே போட்டிருப்பேன். பேச்சு சிஸ்டருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "யாரைக் கேட்டு எழுதினே?" என்று போன் வரும். அந்தப் போன் ஒரு மணி நேரம் ஓடும்.

குட்டையான ஆள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நடையில் அவசரம் என்பதே கிடையாது. கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். பேசும்போது நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டேதான் பேசுவார். பார்க்கிறவர்களுக்கு அது பாசம் மாதிரித் தெரியும். எந்த பஸ்ஸில் வந்தீர்கள், வீட்டில் மாடு எத்தனை, மூத்த மருமகள் நல்லமாதிரியா என்று ஒன்று விடமாட்டார். அவர்களும் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். கதை சூடு பிடிக்கிற நேரத்தில், "சரி, நல்லா இருக்கீங்க. படுங்க" என்று எழுந்து போய்விடுவார்.

"இன்னா சிஸ்டரும்மா இது? கேட்டதும் அதுதான். மீதியைக் கேட்காம எழுந்து போறதும் அதுதான்" என்று ஒரு அம்மாள் என்னிடம் புகார் செய்தார். மருமகளைப் பற்றி அவர் இன்னும் முக்கியமான இடத்துக்கே வந்திருக்கவில்லை.

அந்த எழுந்து போகிற நேரத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. முறைத்துக்கொண்டே திரிந்தால் எதைக் கவனிப்பது?

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். முழங்காலுக்குக் கீழே சீழ் கட்டியிருந்தது. சரியான சண்டைக்காரர். நானும் அந்த ஊர்க்காரிதான் என்று தெரிந்ததும் என்னோடும் சண்டை போட்டார். அவருக்கு பென்சிலின் ஊசி போட்டது நான். போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். பேச்சு சிஸ்டர் வழக்கம்போல வந்து என் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்தார். என் ஆள் பக்கத்தில் இவருக்கு என்ன வேலை என்று எனக்குக் கடுப்பு.

"மோட்டார் காயில் எரிஞ்சுபோய் மூணு நாளாவுது சிஸ்டர். அந்த மெக்கானிக் பய வரேன் வரேன்னு சொல்லிக்கினே..." என்று பெரியவர் முழங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் அவருடைய குரல் கொஞ்சம் கனத்தது. சளி கட்டியிருக்கும் என்று நினைத்தேன். பேசிக்கொண்டே உள்ளங்கையைச் சொறிந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"தொண்டை இன்னா பண்ணுது, பெரியவரே?" என்று கேட்டார் பேச்சு சிஸ்டர்.

"என்னமோ அடைக்குதும்மா. வெளிய போய்த் துப்பிட்டு வந்துடறேன்" என்று அவர் காலைக் கீழே போட்டார்.

அவ்வளவு மெதுவாக நடக்கிற மனுஷி, ஒரே தள்ளாய் அவரைத் தள்ளிப் படுக்கப் போட்டுவிட்டார். "எழுந்திருக்கக் கூடாது! எழுந்தா அப்படியே விழுந்துடுவீங்க." அவர் காலுக்குக் கீழே இரண்டு தலையணையைச் சொருகினார். தன் தட்டில் எப்போதும் இருக்கும் எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார். கறுப்புக் காகிதத்தில் சுற்றியிருந்த கண்ணாடி ஆம்பூலை உடைத்து, ஊசியில் ஏற்றி, வேட்டியை விலக்கித் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டார். அட்ரினலின், ஊசி ஆகாமல் போனால் உயிரைப் பிடித்து நிறுத்துகிற மருந்து. நான் ஊசித்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். படித்து முடித்து வந்த புதிது. "வயசானவரு சிஸ்டர், இதயம் தாங்குமா? முதல்ல அலர்ஜி ஊசியும் ஸ்டெராய்டும் போட்டுப் பார்க்கலாம்" என்றார்.

"அட்ரினலின் போட்டாச்சு சார். நீங்க சொல்றதை அடுத்ததா போட்டுடலாம். பி.பி. பாருங்க, சலைனை வேகமா விடறேன்." சொல்லிக்கொண்டே சுவரைக் காட்டினார். அட்ரினலினைத்தான் முதலில் போட வேண்டும், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்று பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் அங்கே ஒட்டியிருந்தது. நச்சரித்து நச்சரித்து அதை எழுதி வாங்கியதே இவர்தான் என்று பின்னால் தெரிந்தது.

கால்மணி நேரத்தில் பெரியவர் மறுபடி மெக்கானிக்கைத் திட்ட ஆரம்பித்தார். அவரைப் பெற்றவள்கூட அந்தக் குரலை அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டிருக்க மாட்டாள். நான் கேட்டேன்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது பேச்சு சிஸ்டரிடம் போய் உட்கார்ந்தேன். வேலைக்குச் சேர்ந்தபின் நானாகப் போய் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"தடிப்பு வரும், தோல் செவக்கும்னு நமக்குச் சொல்லிக் குடுத்தாங்க இல்ல?" என்றார். "நம்ம ஜனங்க கறுப்புத் தோல்ல அது எப்பத் தெரியறது? கொஞ்சம் செவப்பா இருக்கறவங்களும் வெயில்ல மலை சுத்திட்டு வந்தா மூஞ்சி ஏற்கெனவே செவந்துதான் இருக்குது. கண்ணை நம்ப முடியாதும்மா. தொண்டைக்குள்ள வீங்க ஆரம்பிச்சா பேச்சு மாறிடும். முன்னாடி எப்படிப் பேசினாங்கன்னு தெரிஞ்சாத்தானே மாறினது தெரியும்? அதான் ஊசிக்கு முன்னாடியே பேச்சுக் குடுக்கறேன்."

"எல்லாருக்குமா குரல்ல வருது?"

"இல்ல. சிலருக்கு நாடி வேகமா ஓடும். சிலருக்கு வாந்தி வரும். அதான் ஊசி போட்டுப் பத்து நிமிஷம் ஆகறவரைக்கும் கையை விடறதில்ல."

"இதை என்கிட்ட முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே சிஸ்டர்?"

"நீ எங்க கேட்டே? முறைச்சுக்கினு போயிட்டே."

இத்தனை நாள் கருவாட்டைப் பற்றிக் கேட்டது கருவாட்டுக்காக இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. பாதி கருவாட்டுக்காகவும்தான் என்பது பின்னால் புரிந்தது. ஊர்க்கதை என்றால் அவருக்கு உயிர்.

அந்த எவர்சில்வர் டப்பாவை அவர் யாருக்கும் கொடுக்க மாட்டார். டியூட்டிக்கு வந்ததும் ஆம்பூலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். லேசாகப் பழுப்புத் தட்டியிருந்தால்கூட மாற்றிவிடுவார். "சாமிக்குக் கற்பூரம் காட்டியாச்சா சிஸ்டர்?" என்று நான் கிண்டல் செய்வேன். "உனக்கும் காட்டட்டுமா?" என்பார்.

கல்யாணப் பத்திரிகை யார் கொடுத்தாலும் வாங்கிப் பத்திரப்படுத்துவார். கல்யாணத்துக்குப் போவாரா என்பது வேறு விஷயம். அவருக்கு வேண்டியது அட்டை. எழுத்தில்லாத பின்பக்கத்தை அளவாக வெட்டி, 'எனக்கு இந்த மருந்து ஆகாது' என்று சிவப்பு மையில் மருந்தின் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, ஆகாதவர்களுக்குக் கொடுத்தனுப்புவார். பர்ஸில் வை, மடியில் முடிந்துகொள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதை நீட்டு என்பார். என் தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தபோது பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல கெட்டி அட்டைம்மா" என்றார்.

பேசாத நோயாளி வந்தால் என்ன செய்வார் என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அதற்கும் ஒருநாள் பதில் கிடைத்தது. கிரிவலப் பாதையோரம் தங்கியிருந்த ஒரு சாமியாரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். காலில் ஆணி குத்திப் பாதம் வீங்கியிருந்தது. மௌன விரதமாம். பேசி நாலு வருஷம் ஆகிறதாம். எது வேண்டுமானாலும் சிலேட்டில்தான் எழுதுவார்.

ஊசித்தட்டோடு போன பேச்சு சிஸ்டர் கட்டிலருகே நின்றுவிட்டார். எனக்கு உள்ளூர ஒரே குஷி. இன்றைக்கு மாட்டினாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாமி, நீங்க பேச வேணாம். நான் ஒரு கதை சொல்றேன். நீங்க உம் மட்டும் கொட்டுங்க" என்றார்.

சாமியார் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'உம் கொட்டுவது பேச்சாகாதா?'

"எங்க எதிர்வீட்டுப் பசுமாடுகூடத்தான் நாளெல்லாம் உம்மு உம்முங்குது. அதைப் பேசற மாடுன்னா சொல்றோம்?"

சாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார், சத்தமே வராமல். சரியென்று தலையை ஆட்டினார்.

அப்போது பிறந்ததுதான் எருமைக் கதை. அடி அண்ணாமலையில் ஒருத்தருடைய எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் தேடிக்கொண்டு கிரிவலப் பாதையில் நடக்கிறார். இளநீர்க் கடைக்காரனைக் கேட்டால், இப்பதான் இப்படிப் போச்சு என்கிறான். வேகமாக நடக்கிறார். அடுத்த குளத்தங்கரையில் கேட்டால், இப்பதான் தண்ணி குடிச்சிட்டுப் போச்சு என்கிறார்கள். எருமை மலையைச் சுற்றுகிறது, எருமைக்காரரும் பின்னாலேயே சுற்றுகிறார். எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஊசி போட்டபின் உட்கார்ந்து சொல்வதற்கு அதைவிடத் தோதான கதை கிடையாது. சாமியார் ஐந்து நாளும் விடாமல் உம் கொட்டினார். வீட்டுக்குப் போகிற அன்றைக்கு சிலேட்டை நீட்டினார். 'எருமை கிடைத்ததா?' என்று எழுதியிருந்தது.

"இன்னொரு ஆணி குத்திக்கினு வாங்க சாமி, சொல்றேன்" என்றார்.

அதற்கப்புறம் பேச முடியாதவர்கள், பேசப் பிடிக்காதவர்கள் எல்லோருக்கும் அந்த எருமைதான். வராந்தாவில் நடக்கும்போது வார்டுக்குள் எருமைக் கதை கேட்டால், யாருக்கோ ஊசி போட்டாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் எல்லோருக்குமே அது தெரியும்.

இனி சொல்லப் போவது என் தங்கச்சி விஷயம். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன். ஏற்கெனவே ஒரு தடவை ஆனவள்தான்.

தங்கச்சிக்கு ஏழு வயதிருக்கும்போது காய்ச்சலுக்குப் போட்ட பென்சிலின் ஊசி ஆகாமல் முகமெல்லாம் வீங்கி மயங்கி விழுந்தாள். எப்படியோ பிழைத்துக்கொண்டாள். அம்மாவுக்கும் எனக்கும் அது நன்றாக ஞாபகம் இருந்தது. வேங்கிக்காலில் மாப்பிள்ளை பார்த்தபோது, அரசாங்க ஆபீஸில் வேலை, நல்ல குடும்பம், அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். "ஊசி போட்டா செத்துப் போயிடுவாள்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? வாயை மூடிக்கினு இரு" என்றாள். நர்ஸுக்குப் படித்தவள் நான். மூடிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தையில்லை. உடம்பில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று மாமியார் ஜாடையாகப் பேச ஆரம்பித்திருந்தார். அந்த நேரத்தில் போய் இதை எப்படிச் சொல்வது? அப்படியே விட்டுவிட்டோம்.

பிரசவத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாள். ஆண் குழந்தை. தையல் போட வேண்டியிருந்தது. சேர்க்கும்போது வேறொரு நர்ஸ் கேட்டு, 'ஊசி ஒவ்வாமை: இல்லை' என்று தாளில் எழுதியிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். மறுநாள் காலை டாக்டர் ஆம்பிசிலின் எழுதிவிட்டுப் போனார். பென்சிலின் வகைதான் அது. நான் வார்டுக்குள் வந்தபோது பேச்சு சிஸ்டர் தட்டோடு கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. இப்படிப்பட்ட கேள்வியை மாமியார், நாத்தனார் எதிரில் கேட்க மாட்டார். அவர்கள் எதிரில் எந்தப் பெண்ணும் உண்மை சொல்ல மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். "ஒரு டீ வாங்கிக்கினு வாங்களேன்" என்று அவர்களை அனுப்பிவிட்டுத்தான் கேட்பார். அன்றைக்கு மாமியார் பேரனை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க மருமக ஒரு மாத்திரை போட்டு அறியாதவ" என்று பக்கத்துக் கட்டிலுக்குப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். அம்மா பிளாஸ்க்கோடு நின்றாள். பேச்சு சிஸ்டர் யாரையும் டீக்கு அனுப்பவில்லை. நான்தான் இருக்கிறேனே.

"உன் தங்கச்சிதானே, உனக்குத் தெரியாததா?" என்று என்னைக் கேட்டார். "முன்னாடி எந்த ஊசியாவது ஆகாம போயிருக்குதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். தங்கச்சி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்ல சிஸ்டர். அப்படி ஒண்ணும் இல்ல" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு அடுத்த நிமிஷமே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் ஆயா ஓடி வந்தாள். "சிஸ்டர், லேபர் ரூம்ல தலை தெரியுது, சீக்கிரம் வாங்க!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் வரும்வரை போடாதீர்கள் என்று நாலு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். மாமியார் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். "லேபர் ரூமுக்குப் போறேன் சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

லேபர் ரூமுக்கும் வார்டுக்கும் நடுவில் ஒரு வராந்தாதான். முன்பின் தெரியாத ஒருத்தியின் குழந்தைத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது: "இளநீர்க் கடைக்காரன் சொன்னான், இப்பதான்யா உன் எருமை இப்படிப் போச்சுன்னு..."

ஊசி போட்டாகிவிட்டது.

தங்கச்சி களைத்துப் போயிருந்தாள். பேசத் தெம்பில்லை. அதனால்தான் எருமை வந்திருக்கிறது. "உம்" என்றாள். நன்றாகக் கேட்டது. தோலுக்கடியில் துளி மருந்து விட்டுப் பார்க்கிற டெஸ்ட் டோஸாகத்தான் இருக்கும், ஒன்றும் ஆகாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். டெஸ்ட் டோஸ் என்றால் சும்மா இல்லை, அதிலேயே ஆள் போயிருக்கிறது என்று இதே பேச்சு சிஸ்டர் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! கையில் இன்னொருத்தியின் பிள்ளை. "உம்" கேட்டது. "குளத்தங்கரையில தண்ணி குடிச்சிட்டு..." மறுபடி "உம்." அடுத்த உம் கரகரத்தது. அதற்கடுத்தது வரவே இல்லை.

எருமைக் கதை பாதியில் நின்றது. பத்து நிமிஷம் ஆகாமல் அவர் அந்தக் கதையை நிறுத்தி நான் கேட்டதே இல்லை. "தொண்டை இன்னா பண்ணுதும்மா?" என்று கேட்டார். பதில் வரவில்லை. டாக்டரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் ஓடியது. என் அம்மாவின் அலறல். எனக்கு எங்கேயும் போக வழியில்லை. இந்தப் பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போவது? அதன் தோள் வந்து, உடம்பு வந்து, அழுத பிறகு ஆயாவிடம் கொடுத்து, தாய்க்கு ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டு ஓடினேன். எத்தனை நிமிஷம் என்று தெரியாது. என் ஆயுளில் பாதி அங்கேயே போய்விட்டது.

தங்கச்சி காலுக்குக் கீழே தலையணைகள் இருந்தன. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். உதடும் இமையும் வீங்கி, அது என் தங்கச்சி முகமாகவே இல்லை. பேச்சு சிஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பென்சிலின் ஆகாது அவளுக்கு!" என்று கத்தினேன். "சின்ன வயசுலயே வந்திருக்குது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் சிஸ்டர்."

மாமியார், அம்மா, டாக்டர் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. "தெரிஞ்சுபோச்சு. கால்ல தலையணை நழுவுது, தூக்கிப் பிடி" என்றார். அஞ்சு நிமிஷம் ஆனதும், "இன்னொண்ணு போடறேன் சார்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு இரண்டாவது அட்ரினலினைத் தொடையில் போட்டார். சலைன் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்ன வயதில் அந்தக் காலுக்குக் கொலுசு மாட்டிவிட்டவள் நான்.

மெல்ல மெல்ல மூச்சு சீரானது. கொஞ்ச நேரம் கழித்து மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ முனகினாள். பேச்சு சிஸ்டர் குனிந்து காதை வைத்தார்.

"எருமை... கிடைச்சுதா?"

"இன்னும் சுத்திக்கினுதான் இருக்குது. நீ முதல்ல மூச்சை நல்லா விடு" என்றார்.

அன்றைக்கு அவருக்கு மத்தியானமே டியூட்டி முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகவில்லை. அடங்கினது திரும்பவும் கிளம்பி வரும் என்று சாயங்காலம் விளக்கு வைக்கிறவரைக்கும் அந்தக் கட்டிலைவிட்டு நகரவில்லை. நல்லவேளை, திரும்ப வரவில்லை.

சம்பந்திகளுக்குள் பெரிய சண்டை ஆகியிருக்க வேண்டியது. ஆரம்பிக்கவும் செய்தது. பேச்சு சிஸ்டர் மாமியாரை வராந்தாவுக்கு அழைத்துப் போய் ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினாரோ, மாமியார் திரும்பி வந்து என் அம்மா எதிரில் நின்றார். "ஊசி ஆகாதுன்னா வேற மருந்து குடுக்கப் போறாங்க. இதையா மறைப்பாங்க? என் பேரன் தாயில்லாப் புள்ளையா ஆகியிருப்பானே, உங்களுக்குக் கொஞ்சமாவது..." என்றவர் முடிக்காமல் அழுதுவிட்டார். அம்மாவும் அழுதாள்.

என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு சிஸ்டரும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு நாள் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டீ வந்தால் என் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான். கட்டில் கட்டிலாக உட்கார்ந்து கருவாடு முதல் கல்யாணம் வரை பேசுகிற மனுஷி, நான் பக்கத்தில் வந்தால் வாயை மூடிக்கொள்வார். பத்துப் பேர் எதிரில் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டுக்குத் திட்டு கொடுத்துப் பழகியவள் நான். பேசாமல் இருந்தால் அதற்கு என்ன பதில் கொடுப்பது? வீட்டில் தினமும் அழுதேன்.

தங்கச்சியை வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு மேசைக்குக் கூப்பிட்டார். அளவாக வெட்டிய ஓர் அட்டையையும் சிவப்புப் பேனாவையும் என் முன்னால் வைத்தார். "நீயே எழுது" என்றார்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பொன்னெழுத்தில் என் தங்கச்சி பெயரும் மாப்பிள்ளை பெயரும். அந்தக் கெட்டி அட்டைதான். எழுதினேன்.

"அவங்க மாமியார்கிட்டக் குடு. வாய்விட்டுப் படிச்சுட்டுக் குடு."

மாமியார் எதிரில் நின்று படித்தேன். "எனக்கு பென்சிலின் வகை ஊசி, மாத்திரை எதுவும் ஆகாது." நாலு வருஷமாய் வாய்க்குள் வைத்திருந்தது, படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாமியார் அதை வாங்கிக் கண்ணருகே வைத்து ஒரு தடவை தானும் படித்தார். பிறகு தன் பர்ஸில் வைத்து மூடிக்கொண்டார். வேன் கிளம்பிப் போயிற்று.

நாங்கள் இரண்டு பேரும் வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நீ 'இல்ல சிஸ்டர்'னு சொன்னே பாரு, உன் குரலு கம்முச்சு. எனக்குக் கேட்டுச்சு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இன்னான்னு புரியல. வீட்டுல ஏதோ சண்டைன்னு நினைச்சேன். இருந்தாலும் மனசு கேட்கல. அதான் டெஸ்ட் டோஸ் போடறதுக்கு முன்னாடியே அட்ரினலின் ஆம்பூலை உடைச்சு, மருந்தை ஏத்தி, தலைமாட்டுல வச்சுட்டுத்தான் போட்டேன். ஆனா உன்னைத் திருப்பி ஒரு தடவை கேட்கல. கேட்டிருக்கணும். ஊசியே போட்டிருக்கக் கூடாது. நோயாளிங்க குரலையெல்லாம் கேட்டுக்கினு திரியறவ நான். உன் குரலைக் கேட்டும் விட்டுட்டேன். கூட வேலை செய்யற பொண்ணாச்சே, சொந்த அக்காவாச்சேன்னு நம்பிட்டேன். நாலு நாளா எனக்கு என் மேலதான்மா கோவம். உன்கிட்டப் பேச மூஞ்சி இல்ல."

அவர் என்னைத் தண்டித்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். "தப்பு என்னுது சிஸ்டர்" என்று சொல்லப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை.

அவர் என் கையைப் பிடித்தார். மணிக்கட்டில் விரலை வைத்து, தன் கடிகாரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"தொண்டை இன்னா பண்ணுது?"

"அடைக்குது சிஸ்டர்."

"அடைக்கட்டும். நீ பேச வேணாம். நான் சொல்றேன், உம் கொட்டு" என்றார். "அடி அண்ணாமலையில ஒருத்தரு எருமை வச்சிருந்தாரு..."

"உம்" என்றேன்.